டீகன், பந்து தரையில் பட்டதா?

ஃபெலிக்ஸுக்கு உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் தங்கையைத்தான் கேட்பான். பாத்திரம் என்னவோ அவன் மச்சான் மலக்கி டீகனின் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

"ஹனோரா, உன் புருஷன்கிட்ட அந்தக் கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"மலக்கி, கிழங்கு" என்பாள் ஹனோரா.

மலக்கி தள்ளுவான். "சூடா இருக்குன்னு உன் அண்ணன்கிட்ட சொல்லு."

"சூடா இருக்காம்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் பேச்சு நின்று இருபத்தெட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபெலிக்ஸ் நேரே இந்த வீட்டுக்குத்தான் வருவான். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதன், வேறு எங்கே போவான்? ஒரு குளிர்காலத்தில் மலக்கி நிமோனியாவில் கிடந்தபோது தினமும் வாசலில் வந்து நின்று, "உன் புருஷன் செத்துட்டானா?" என்று கேட்டான். "இல்ல" என்றால் "சரி" என்று சொல்லி ஒரு விஸ்கி பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுப் போவான். ஆனால் மலக்கியிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. மலக்கிக்கும் ரோஷம், அவனும் பேசமாட்டான். நடுவில் தபால்காரியாக ஹனோரா.

எல்லாம் ஒரு பந்தால் வந்தது. அந்தப் பந்தைத் தைத்தவளே ஹனோராதான் என்பது ஹாலோவே ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. அன்று யாரும் கேட்கவுமில்லை.

1876 ஜூலை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பிரென்ட்வில்லோடு பேஸ்பால் ஆட்டம். ஹாலோவேக்குப் பந்து வீசியவன் ஃபெலிக்ஸ். செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிற இருபத்து மூன்று வயதுப் பையன், அந்தக் கோடையில் ஒரு ஆட்டமும் தோற்றிருக்கவில்லை. இரண்டாம் மூட்டைக்குக் காவல் மலக்கி டீகன். அப்போதெல்லாம் மணல் திணித்த கித்தான் மூட்டைகள்தான், மூன்று மூலைக்கு மூன்று. நாலாவது மூலையில் இரும்புத் தட்டு, அதற்குப் பெயர் வீடு. வீடு வந்து சேர்ந்தால் ஒரு ரன். கையுறை என்ற பேச்சே கிடையாது. கையில் மாட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, "பாப்பாவுக்குக் குளிருதா?" என்று கூட்டம் கத்தும்.

பெரிய நகரத்துக் கிளப்பின் ஆள் ஒருவர், சுருட்டும் தங்கச் சங்கிலியுமாக, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஃபெலிக்ஸைப் பார்க்கத்தான் ரயிலேறி வந்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

கடைசி இன்னிங்ஸ். நாலுக்கு மூன்று, ஹாலோவே முன்னால். பிரென்ட்வில்லில் இன்னும் ஒரே ஒரு ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. அடித்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அவுட். இரண்டு பேர் மூட்டைகளில் நிற்கிறார்கள். அடித்தவன் தாழ்வாக அடித்தான். பந்து புல்லை ஒட்டிச் சீறி வந்தது. மலக்கி முன்னால் பாய்ந்து, முகம் குப்புற விழுந்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்தான். புழுதி கிளம்பியது. எழுந்தபோது பந்து கையில் இருந்தது. ஹாலோவே தொப்பிகளைத் தூக்கி எறிந்து கூத்தாடியது. அதற்குள் பிரென்ட்வில்காரன்கள் மூன்று பேரும் ஓடுவதை நிறுத்தாமல் ஓடி, இரண்டு பேர் வீடும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அம்பயர் ஒரே ஒருவர்தான். மருந்துக்கடை எஸ்ரா பெல். உயரமான தொப்பி போட்டுக்கொண்டு, அடிக்கிறவனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் இருந்த இடத்திலிருந்து புழுதிதான் தெரிந்தது. அம்பயருக்குத் தெரியாததை ஆட்டக்காரனையே கேட்டுக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். கேட்டார்.

"டீகன், பந்து தரையில் பட்டதா?"

மலக்கி கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பட்டது, ஐயா" என்றான்.

ஐந்துக்கு நாலு. ஹாலோவே தோற்றது. அன்று சாயங்காலம் மலக்கியின் ஜன்னலில் மூன்று கண்ணாடி உடைந்தது. ஜெயித்தவனுக்கே பந்து என்பது முறை. பிரென்ட்வில்காரன்கள் பந்தை எடுத்துக்கொண்டுபோய்த் தங்க நிறம் பூசி, தேதியும் ஸ்கோரும் எழுதி, அவர்கள் ஊர் மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

தங்கச் சங்கிலிக்காரர் மறுநாள் காலை வந்து தட்டியது ஃபெலிக்ஸின் கதவை அல்ல. அந்த வருஷங்களில் சூதாட்டக்காரர்களிடம் கை நீட்டி ஆட்டத்தை விற்கிற ஆட்டக்காரர்கள் மலிந்து கிடந்தார்கள். "பந்து வேகமா போடறவன் எனக்கு எங்கேயும் கிடைப்பான்" என்றாராம். "சொந்த ஊரைத் தோக்கடிச்சுக்கிட்டு உண்மை பேசறவன் இவன் ஒருத்தன்தான்."

ஒரே பந்து. ஒருவன் பெட்டி கட்டிக்கொண்டு ரயிலேறினான். இன்னொருவன் தோல் வெட்டுகிற மேஜைக்குத் திரும்பினான். ஃபெலிக்ஸின் தோள் அடுத்த கோடையிலேயே போய்விட்டது. அதன்பிறகு அவனைக் கேட்டு யாரும் வரவில்லை.

மலக்கி பதினெட்டு வருஷம் ஆடினான். பாஸ்டன், டிராய், பிராவிடன்ஸ், லூயிவில் என்று எத்தனையோ ஊர். நடுவில் ஒரு குளிர்காலம் வந்து ஹனோராவைக் கல்யாணம் செய்துகொண்டான். ஃபெலிக்ஸ் தங்கையைக் கைபிடித்துக் கூட்டிவந்து மாதா கோயிலில் ஒப்படைத்தான், மாப்பிள்ளை முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மூட்டைமேலேயே நின்று காவல் காக்கிற மூடத்தனத்தை விட்டு, ஆறடி தள்ளிப் பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்தவன் மலக்கி. அவன் நின்ற இடத்தைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். பிறகு மேனேஜர் ஆனான். மேனேஜர் என்றால் இப்போது போல பெஞ்சில் உட்கார்ந்து தாடையைச் சொறிவதல்ல. ரயில் டிக்கெட் எடுப்பான், மட்டைகளைச் சாக்கில் கட்டுவான், ஹோட்டலில் இரண்டு பேருக்கு ஒரு கட்டில் என்று பேரம் பேசுவான், குடித்துவிட்டுக் கிடக்கிற பந்து வீச்சாளனைக் காலையில் குதிரைத் தொட்டியில் முக்கி எடுப்பான், மத்தியானம் அதே ஆளுக்குப் பின்னால் நின்று ஆடுவான். எந்த ஊரிலும் அம்பயருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பது ஒரே கேள்விதான். "டீகன் என்ன சொல்றான்?" டீகன் சொன்னால் எதிரணியும் வாயைத் திறக்காது. அந்தப் பெயரை வைத்துத்தான் முதலாளிகள் அவனைக் கூப்பிட்டார்கள். பிறகு அம்பயர் ஆட்டக்காரனைக் கேட்கக்கூடாது என்று விதி மாறியது. கையுறை வந்தது. படித்த மேனேஜர்கள் வந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் மலக்கியை, "ரொம்ப நன்றி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஐம்பத்திரண்டு. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வாசல் காவல். பத்து விரலில் நேராக இருப்பது இரண்டு.

பேப்பர்காரர்கள் அந்தப் பதினெட்டு வருஷத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். அந்தப் பதினெட்டு வருஷமும், அதற்கப்புறமும், ஹனோரா முழங்காலுக்கு நடுவில் மரக்கிடுக்கியை வைத்துக்கொண்டு, குதிரைத்தோலை இழுத்துப் பிடித்து, இரண்டு ஊசியில் மெழுகு நூலைக் கோத்துப் பந்து தைத்துக்கொண்டிருந்ததை எவனும் எழுதவில்லை. வண்டி வந்து சாக்கு நிறையத் தைக்காத பந்துகளை இறக்கிவிட்டு, தைத்ததை ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு பெண்களை அப்படித்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். நூல் அறுத்து அறுத்து அவளுடைய ஆட்காட்டி விரலில் ஒரு பள்ளம். காலையில் கட்டைவிரல் மடங்காது, வெந்நீரில் வைத்தால்தான் மடங்கும். ஆட்டத்தில் விரல் உடைந்தால் அது பெருமை. அடுக்களையில் உடைந்தால் அதற்கு என்ன பெயர்?

1904 ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. மாவட்டச் சந்தையில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஆட்டம். ஹாலோவேயும் பிரென்ட்வில்லும், பழைய விதிப்படி, வெறுங்கையோடு. முடிவில் பிரென்ட்வில் அந்தத் தங்கப் பந்தை மலக்கி டீகனுக்கே மரியாதையாகத் திருப்பித் தரும். கீழே இன்னொரு வரி. புதிதாகத் தொடங்கியிருக்கும் பள்ளத்தாக்கு லீகின் செயலாளர் விட்கோம்ப் வருகிறார், அம்பயர் பதவிக்கு மிஸ்டர் டீகனின் பெயர் பரிசீலனையில் இருக்கிறது.

ஹனோரா அந்தக் கடைசி வரியை நாலு தரம் படித்தாள். அம்பயர் வேலைக்கு வருஷச் சம்பளம். மலக்கி மறுபடி புல்தரையில் நிற்பான். இவள் கிடுக்கியைத் தூக்கிப் பரண்மேல் போடலாம்.

சந்தைக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கே வந்து திட்டத்தைச் சொன்னார். "கடைசியில எப்படியும் ஒரு பந்து டீகன் பக்கம் தாழ்வா வரும். எஸ்ரா பெல் அதே கேள்வியைக் கேப்பார். டீகன் 'தரை'ன்னு சொல்லணும். ஜனங்க கைதட்டுவாங்க. உடனே பந்தைக் கொடுத்திடுவோம். விட்கோம்ப் கண்ணால பாக்கட்டும், நேர்மைன்னா என்னன்னு!" போகிற போக்கில், "ஆனா பந்து போட ஃபெலிக்ஸ் வேணுமே" என்றார்.

ஃபெலிக்ஸைக் கேட்க ஹனோராதான் போனாள்.

"ஒரு தடவை அவனால தோத்தேன், போதாதா? இப்ப சர்க்கஸ்லயும் தோக்கணுமா? வேற ஆளைப் பாரு."

"அவனுக்காகக் கேக்கல. எனக்காகக் கேக்கறேன்."

"உனக்கு என்ன வந்துச்சு?"

அவள் வலது கையை விரித்து அவன் மேஜைமேல் வைத்தாள். தோலோடேயே வாழ்ந்தவன் ஃபெலிக்ஸ். அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"எத்தனை பந்து போடணும்?" என்றான்.

அன்று காலை மலக்கி சட்டைப் பொத்தானோடு மல்லாடிக்கொண்டிருந்தான். ஹனோராதான் போட்டுவிட்டாள்.

"மலக்கி, எப்பவும் சொல்றதைச் சொல்லு. கேப்பாங்க, 'பட்டது, ஐயா'ன்னு சொல்லு. வேலையை வாங்கிட்டு வா. புரியுதா?"

"அது ஒண்ணும் கூத்து இல்ல, ஹனோரா."

"இத்தனை வருஷமா அதைத்தான சொல்லிட்டிருக்கே? இன்னொரு தடவை சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?"

அவள் கடைசிப் பொத்தானைப் போட்டாள். தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. எந்த நாளும் சொன்னதில்லை.

மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. எலுமிச்சைச் சாறு, வறுத்த வேர்க்கடலை, பித்தளை வாத்தியம். எண்பது வயது எஸ்ரா பெல்லை நாற்காலியோடு தூக்கிவந்து வைத்தார்கள், தலையில் அதே உயரத் தொப்பி. விட்கோம்ப் வைக்கோல் தொப்பியும் வெள்ளைக் காலருமாக எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார். வேலையே பார்க்காத விரல்கள் என்று ஹனோராவுக்குப் பட்டது.

தொப்பை வைத்த கிழவர்கள் ஆடினார்கள். ஓடினவர்கள் பாதி வழியில் நின்று இருமினார்கள். "தாத்தா, வீடு அந்தப் பக்கம்!" என்று கூட்டம் கத்தியது. ஹனோரா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஃபெலிக்ஸ் கையைப் பின்னால் சுழற்றி முதல் பந்தைப் போட்டதும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். தோள் போயிருந்தது, வேகம் போயிருந்தது. ஆனால் பந்தை விடும்முன் இடது காலைச் சற்றே தயங்கி வைக்கிற அந்தப் பழக்கம் போகவில்லை. இரண்டாம் மூட்டைக்கு ஆறடி பின்னால் மலக்கி, முழங்காலில் கை ஊன்றி, முதுகை வளைத்து நின்றான். முகம் தெரியாத தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் இருபது சொச்சம் வயதுதான்.

கடைசி இன்னிங்ஸில் பந்து வந்தது. திட்டமிட்டபடி மெதுவாக வரவில்லை. பிரென்ட்வில் தச்சன் ஒருவன் நிஜமாகவே அடித்துவிட்டான். புல்லை ஒட்டிச் சீறியது. மலக்கி யோசிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது உடம்பு முன்னால் பாய்ந்து குப்புற விழுந்தது. புழுதி அடங்கியதும் எழுந்து உட்கார்ந்தான், பந்து கையில்.

பித்தளை வாத்தியம் நின்றது. எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். எஸ்ரா பெல் நடுங்குகிற குரலில் கேட்டார்.

"டீகன், பந்து தரையில் பட்டதா?"

கயிற்றோரத்திலிருந்து ஹனோரா வாயசைத்தாள். பட்டது. பட்டதுன்னு சொல்லு.

மலக்கி கையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி ஃபெலிக்ஸைப் பார்த்தான். ஃபெலிக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தெரியல, ஐயா."

ஜனங்கள் சிரித்தார்கள். கிழவன் வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்தார்கள்.

"என்ன? காதுல விழல."

"தெரியலைன்னு சொன்னேன். வெறுங்கையால பிடிச்சுப் பிடிச்சு விரல்ல உணர்ச்சி கிடையாது. பந்து முதல்ல கையில பட்டதா, புல்லுல பட்டதான்னு எனக்குத் தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டான். "அன்னைக்கும் தெரியல."

சிரிப்பு ஒவ்வொரு இடமாக அணைந்தது.

எஸ்ரா பெல் நாற்காலியில் முன்னால் குனிந்தார். "அப்ப எதுக்குப்பா 'பட்டது'ன்னு சொன்னே?"

"பயந்துட்டேன். 'பிடிச்சேன்'னு சொன்னா, ஜெயிக்கறதுக்காகப் பொய் சொல்றான்னு சொல்வீங்க. 'தரை'ன்னு சொன்னா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். தெரியலைன்னு சொன்னா, விரல் செத்தவன்னு உக்கார வச்சிடுவீங்க. எனக்கு ஆபத்து இல்லாத பதிலை எடுத்துக்கிட்டேன். அது என்னை எங்கெங்கேயோ கொண்டுபோச்சு." ஃபெலிக்ஸ் நின்ற பக்கம் கையைக் காட்டினான். "அவனை எங்கேயும் கொண்டுபோகல."

கமிட்டித் தலைவர் வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர்களுக்கு என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. வெல்வெட் பெட்டியோடு நின்ற பிரென்ட்வில்காரர், "அப்ப இந்தப் பந்து யாருக்குச் சேரணும்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். விட்கோம்ப் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஹனோராவுக்கு அதுவே போதுமாக இருந்தது. வேலை போய்விட்டது. தெரியலைன்னு சொல்கிற அம்பயரை எந்த லீக் வைத்துக்கொள்ளும்? எல்லாரும் பார்க்க மைதானத்துக்குள் போய் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இன்னைக்கா? இன்னைக்கா உனக்கு இந்த வீரம் வரணும்?

ஃபெலிக்ஸ் நேராகக் கயிற்றை நோக்கி நடந்து வந்தான். வழியில் மலக்கியைத் தாண்டித்தான் வந்தான், நிற்கவில்லை.

"ஹனோரா, உன் புருஷன்கிட்டக் கேளு. அன்னைக்கு எந்த விரல் செத்திருந்துச்சுன்னு."

அவள் மலக்கியைக் கேட்கவில்லை.

"இடது கையில ரெண்டு, வலது கையில மோதிர விரல். அன்னைக்குக் காலையில அதுல சூடு பட்டு, நான்தான் துணி வச்சு என் நூலைச் சுத்திக் கட்டினேன்."

ஃபெலிக்ஸ் அவளை முறைத்தான். "உனக்குத் தெரியுமா?"

"நம்ம அம்மாவுக்கு ரொட்டி கொண்டுவந்தான் அன்னைக்கு. அடுப்புத் தட்டுல கையை வச்சுக்கிட்டுப் பேசிட்டிருந்தான். தோல் கருகற வாசனை எனக்கு வந்துச்சு, அவனுக்குத் தெரியல."

"நீ ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா ஆட விட்டிருப்பாங்களா?"

"உனக்கு அவன் ஆடணும். நான்?"

ஃபெலிக்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான்.

பிரென்ட்வில்காரர் கடைசியில் பந்தைத் திருப்பியே எடுத்துக்கொண்டு போனார். போகும்முன் ஹனோரா, "ஒரு நிமிஷம் கொடுங்க" என்று வாங்கிப் பார்த்தாள். தங்கப்பூச்சு தையலுக்குள்ளெல்லாம் இறங்கி இறுகியிருந்தது. தேதி, ஸ்கோர், இரண்டு ஊர்களின் பெயர். கட்டைவிரலால் தையலைத் தடவினாள். முடிச்சை உள்ளே தள்ளி மறைத்திருந்தாள், அவள் வழக்கப்படி. ஒரு தையல்கூட விட்டுப்போயிருக்கவில்லை.

"என்ன பாக்கறீங்க அம்மா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. நல்லா தச்சிருக்கு" என்று கொடுத்துவிட்டாள்.

விட்கோம்பின் கடிதம் பத்து நாளில் வந்தது. இந்தப் பருவத்துக்கு ஆட்கள் நிரம்பிவிட்டார்களாம். மலக்கி படித்துவிட்டு அடுப்பில் போட்டான். அன்று முதல் வேலைவிட்டு வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு பூசிக்கொடுக்க ஆரம்பித்தான். வளைந்த விரலில் நூல் நிற்காது, அடிக்கடி சிக்கலாக்கினான். அவள் திட்டிக்கொண்டே சிக்கெடுத்தாள்.

"பொய் சொல்லியிருந்தா இப்ப நீ சும்மா உக்காந்திருக்கலாம்" என்றான் ஒருநாள்.

"ஆமா" என்றாள். "மெழுகு அதிகமாயிடுச்சு, துடை."

முதல் ஞாயிறு ஃபெலிக்ஸ் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது தட்டை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று ஹனோரா தயங்கினாள். மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கமான நாற்காலியை இழுத்து ஃபெலிக்ஸ் உட்கார்ந்தான். அவள் மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் பரிமாறினாள். அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான், மென்றான், முகத்தைச் சுளித்தான். உப்புக்கிண்ணம் ஹனோராவின் கைக்கருகில் இருந்தது.

"மலக்கி" என்றான்.

மலக்கியின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"மலக்கி, உன் பொண்டாட்டிகிட்ட அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

மலக்கி அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஹனோரா, உப்பு."

ஹனோரா கிண்ணத்தைத் தள்ளினாள்.

"ஏற்கெனவே போட்டிருக்கேன்னு உன் மச்சான்கிட்ட சொல்லு" என்றாள்.